மரமேறும் எறும்புகள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு ‘உவமையும் வாழ்வும்’ என்பது. அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஆயினும் பேச்சின் பெரும்பகுதி ஒரு சமையலைப் பற்றியதாக இருக்கும். கள்ளக்குறிச்சியில் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன், பத்தாம் ஆண்டு விழா மேடையில் ஏறிச் சீனத்துச் சமையலைப் பற்றிப் பேசுகிறானே என்று நீங்கள் வியக்கலாம். இறுதிவரை பொறுத்திருந்து கேட்டால் காரணம் விளங்கும். அந்தக் காரணம் எனக்குப் பெருமை தருவது அன்று என்பதையும் முன்னரே சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மகள் வீட்டில் தங்குவதற்காகச் சிங்கப்பூர் சென்றிருந்தேன். அடுக்குமாடிக் குடியிருப்பு. எதிர்வீட்டில் ஒரு சீன மூதாட்டி. சீனாவின் சிச்சுவான் மாகாணத்திலிருந்து மகனோடு வந்து தங்கியிருந்தவர். அவருக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. எனக்குச் சீனம் தெரியாது. இருவரும் காலையில் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைப்போம். ஒரு மாலை அவர் ஒரு கிண்ணத்தில் உணவு கொண்டுவந்து கொடுத்தார். நூல்போல் மெலிந்த இழைகள். பார்த்தால் இடியாப்பம்போல் இருந்தன, ஆனால் வெண்மை இல்லை. ஒளி ஊடுருவும் கண்ணாடிபோல் இருந்தன. அவற்றின்மேல் கருஞ்சிவப்பாக, கடுகளவும் மிளகளவுமாக, கறித் துணுக்குகள். நல்ல காரம். உண்டு முடித்து, இதன் பெயர் என்ன என்று அவர் பேரனிடம் கேட்டேன். அவன் சொன்னான்: “மாயி ஷாங் ஷூ.” பொருள் கேட்டேன். எறும்பு, ஏறுதல், மரம். மரமேறும் எறும்புகள்.

நான் கிண்ணத்தை மறுபடியும் பார்த்தேன். இழையொன்றைத் தூக்கினால் கறித்துணுக்குகள் அதில் ஒட்டிக்கொண்டு வரிசையாக மேலேறுவதுபோல் வந்தன. நாற்பது ஆண்டு காலம் வகுப்பறையில் உவமையணி நடத்தியவன் நான். எந்தப் புலவரும் பெயர் சொல்லி உரிமை கொண்டாடாத ஓர் உவமையை ஒரு சமையலறை ஆக்கி வைத்திருக்கிறது என்று அன்று கண்டேன்.

ஊர் திரும்பும்போது அந்த இழைகளில் சில பொட்டலங்களையும், அவரே தந்த ஒரு புட்டி மிளகாய் விழுதையும் கொண்டுவந்தேன். அந்த உணவை நம் ஊர் அடுப்பில் சமைத்துப் பார்த்தேன். சமைத்துப் பார்த்தபோதுதான் அந்தப் பெயரின் பொருள் முழுமையாக விளங்கிற்று. ஆகவே சமையலையே முதலில் சொல்கிறேன்.

அந்த இழைகள் பச்சைப்பயற்றின் மாவுச்சத்தால் ஆனவை. பயற்றை ஊறவைத்து அரைத்து, வடிகட்டி, தெளியவிட்டு, அடியில் படியும் வெண்மாவைத் திரட்டிப் பிசைந்து, துளைகளின் வழியே கொதிநீரில் இழையாக விழச்செய்து, உடனே குளிர்நீரில் இட்டு, பிறகு உலர்த்துகிறார்கள். சீனாவின் சாந்தோங் மாகாணத்தில் செய்யப்பட்டு, லோங்கோ என்னும் துறைமுகத்தின் வழியே தென்கிழக்கு ஆசியாவுக்கெல்லாம் சென்றதால், அந்தத் துறைமுகத்தின் பெயராலேயே இன்றும் அவ்விழைகள் வழங்குகின்றன.

இந்தச் செய்முறையைக் கேட்டதும் உங்களில் பலருக்குச் சின்னசேலத்து ஆலைகள் நினைவுக்கு வந்திருக்கும். அரைத்தல், வடித்தல், தெளியவிடுதல், அடியில் படிந்த மாவை எடுத்தல் என, பயறு இருக்கும் இடத்தில் மரவள்ளிக் கிழங்கை வைத்தால் அதுவே நம் ஜவ்வரிசியின் கதை. அங்கே இழையாக விழுகிறது, இங்கே மணியாக உருள்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசியின் வரத்து நின்றபோது, 1940களில் சேலத்தில் தோன்றிய அந்தத் தொழில் ஆத்தூர், சின்னசேலம் என்று பரவி நம் வாசல்வரை வந்தது. கல்வராயன் மலைமேலும் அடிவாரத்திலும் மரவள்ளி விளைகிறது. ஜவ்வரிசி வெந்தால் ஏன் கண்ணாடிபோல் ஆகிறதோ, அதே காரணத்தால்தான் அந்தச் சீன இழையும் கண்ணாடிபோல் ஆகிறது. மாவுச்சத்தின் மணிகள் சுடுநீரை உறிஞ்சிப் பருத்துக் குழைகின்றன. ஒளியை மறைக்க அங்கே உமியில்லை, புரதமில்லை. பயற்றின் மாவுச்சத்து ஆறும்போது மீண்டும் இறுகிப் பிணைந்துகொள்ளும் தன்மை மிக்கது. அதனால் இழை கொதித்தாலும் எளிதில் கரைவதில்லை.

எளிதில் கரைவதில்லை என்றுதான் சொன்னேன். கரையவே கரையாது என்று சொல்லவில்லை. முதல்முறை நான் செய்த பிழை அதுதான். இழைகளைக் கொதிநீரில் போட்டுவிட்டு, வாசலில் வந்த நண்பரோடு பேசிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது சட்டியில் இருந்தது பாயசமும் அன்று, கஞ்சியும் அன்று. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, “என்னங்க, பசை காய்ச்சறீங்களா? பேரப்பிள்ளைகளுக்குப் பட்டம் ஒட்ட உதவும்” என்றார்.

இரண்டாம் முறை அந்த மூதாட்டி சைகையால் காட்டியதை நினைவில் வைத்துச் செய்தேன். நால்வருக்கு 100 கிராம் இழை போதும். கை பொறுக்கும் அளவு வெந்நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவைத்து, நெகிழ்ந்ததும் வடித்து, கத்தரியால் இரண்டொரு முறை வெட்டிக்கொள்ள வேண்டும். இழை இப்போது மெத்தென்று இருக்கவேண்டுமே அன்றி வெந்திருக்கக் கூடாது. கறியும் அதே அளவு, 100 கிராம்தான். அவர்கள் பன்றிக் கறியைக் கொத்திப் போடுகிறார்கள். நான் ஆட்டுக்கறியைக் கொத்துக்கறியாக வாங்கி, மறுபடியும் அரிவாள்மனையில் பொடியாக நறுக்கினேன். அதில் சோயாச் சாறு ஒரு கரண்டி விட்டுப் பிசறி வைத்தேன். இரும்புச் சட்டி நன்றாகக் காய்ந்தபின் எண்ணெய் விட்டு, கறியை இட்டு, கரண்டியின் முதுகால் உதிர்த்துக்கொண்டே இருக்கவேண்டும். கறியின் நீர் முழுவதும் வற்றி, துணுக்குகள் தனித்தனியாகி, ஓரம் மொறுமொறுப்பாகும் வரை பொறுமை வேண்டும். இங்கே அவசரப்பட்டால் கறி கட்டி கட்டியாகும். கட்டியான கறி மரமேறாது.

அடுத்து மிளகாய் விழுது. சிச்சுவானில் பீசியான் என்னும் ஊரில் ஒருவகை அவரையையும் மிளகாயையும் உப்பிட்டு மாதக்கணக்கில் புளிக்கவைத்துச் செய்வது அது. ஒரு மேசைக்கரண்டி அளவு எடுத்து அந்த எண்ணெயிலேயே வதக்கினால், எண்ணெய் செக்கச் சிவந்துவிடும். அதில் பொடியாக நறுக்கிய இஞ்சி, பூண்டு. மணம் எழுந்ததும் ஒரு தம்ளர் எலும்புச் சாறு விட்டுக் கொதிக்கவைத்து, ஊறிய இழைகளை இட்டுப் புரட்டவேண்டும். நீர் இருக்கும்போது இழை வெளிறித்தான் இருக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால், சாற்றையெல்லாம் இழை குடித்துச் செந்நிறம் பெற்று, சட்டியின் அடியில் எண்ணெய் மட்டும் மினுங்கும். அந்தக் கணத்தில் வெங்காயத்தாளைத் தூவி இறக்கிவிட வேண்டும். அந்தப் புட்டி விழுது தீர்ந்தபின், மிளகாய் வற்றலை ஊறவைத்துப் பூண்டோடு அரைத்துச் செய்து பார்த்தேன். காரம் இருந்தது. புளித்த பொருளுக்கே உரிய அந்த ஆழம் இல்லை. மொழிபெயர்ப்புச் செய்பவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு இந்த வேறுபாட்டை நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் முறை நன்றாக வந்தது. வீட்டில் அனைவரும் உண்டோம். நான் பெருமையோடு பெயரையும் அதன் பொருளையும் சொன்னேன். என் மனைவி சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: “இத்தனூண்டு கறியை நாலு பேருக்கு வர்ற மாதிரி பண்ணியிருக்காங்க, அவ்வளவுதானே. எங்கம்மா கால் கிலோ கறியைப் பன்னெண்டு பேருக்கு ஆக்கினாங்க. பேருதான் வைக்கலை.”

தோழர்களே, இந்த உரையின் நடுப்பொருள் இந்த வாக்கியத்தில் இருக்கிறது. பெயர்தான் வைக்கவில்லை.

அந்தப் பெயருக்குச் சீனத்தில் ஒரு செவிவழிக் கதை சொல்கிறார்கள். அந்தப் பேரனே எனக்குச் சொன்னான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் குவான் ஹான்சிங் என்னும் நாடகாசிரியர், செய்யாத கொலைக்குத் தண்டிக்கப்பட்ட தோ ஓ என்னும் இளம் கைம்பெண்ணைப் பற்றி ஒரு துன்பியல் நாடகம் எழுதினார். அந்தத் தோ ஓவைப் பற்றி மக்கள் பின்னாளில் புனைந்துகொண்ட கதை இது. நோயுற்றுக் கிடக்கும் மாமியாருக்குக் கொடுக்க அவளிடம் ஒன்றுமில்லை. கறிக்கடைக்காரரிடம் கெஞ்சிச் சிறு துண்டு கறி பெறுகிறாள். அதை வைத்து ஓர் உணவு ஆகுமா? மிகப் பொடியாக நறுக்கி, வீட்டில் இருந்த இழைகளோடு புரட்டிக் கொடுக்கிறாள். கண் மங்கிய மாமியார் கேட்கிறார்: “இதில் ஏன் இத்தனை எறும்புகள்?” மருமகள் காரணம் சொல்ல, உண்ட கிழவி மகிழ்ந்து அந்தப் பெயரையே வைத்துவிடுகிறாள்.

இந்தக் கதையை வரலாறு என்று கொள்ளக் கூடாது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கொலம்பசின் கடற்பயணத்திற்குப் பிறகே அது ஆசியாவுக்கு வந்தது. சீன நூல்களில் அதைப் பற்றிய முதற்குறிப்பு 1591இல்தான் கிடைக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தோ ஓவின் சட்டியில் மிளகாய் விழுது இருந்திருக்க வழியில்லை. நம் நிலையும் அதுவேதான். மிளகு நமக்குத் தொன்மையானது. அதன் பெயரை வைத்தே புதிதாக வந்த காய்க்கு மிளகாய் என்று பெயரிட்டுக்கொண்டோம். சிச்சுவானின் காரமும் கள்ளக்குறிச்சியின் காரமும் ஒரே கடலைக் கடந்து வந்தவை. ஆகவே கதை பிற்காலத்தது. ஆனால் பொய்யான கதையும் ஓர் உண்மையைக் காட்டும். அந்த உணவை உண்ட மக்கள், அதன் பெயர் வறுமையில் பிறந்தது என்று நம்ப விரும்பினார்கள். அரண்மனையில் பிறந்தது என்று புனைந்துகொள்ளவில்லை. அது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இனி உவமைக்கு வருவோம். தொல்காப்பியர் உவமை தோன்றும் வகைகளாக வினை, பயன், மெய், உரு என்னும் நான்கைச் சொன்னார். இந்தச் சீனப் பெயரை அந்த நான்கிலும் வைத்துப் பார்த்தேன். துணுக்கின் வடிவு எறும்பின் வடிவு. அது மெய். சோயாச் சாற்றில் கறுத்த அதன் நிறம் எறும்பின் நிறம். அது உரு. தூக்கும் இழையில் பற்றிக்கொண்டு ஏறுவது எறும்பின் தொழில். அது வினை. இம்மூன்றும் பார்த்த மாத்திரத்தில் விளங்கும். நான்காவதான பயன் எது? அதற்குத்தான் நான் சில நாள் எண்ண வேண்டியிருந்தது. மாமரத்தில் முசுறு ஏறுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எறும்பு ஒரு கிளையோடு நிற்பதில்லை. மரம் முழுவதும் பரவும். கடுகளவு கறி சட்டியின் எல்லா இழைகளுக்கும் சென்று சேர்வதுதான் பயன். சிறிது எல்லார்க்கும் போய்ச் சேர்கிறது. அந்தப் பெயரை வைத்தவர் கண்ணால் மட்டும் வைக்கவில்லை.

எறும்பையும் சோற்றையும் சேர்த்துப் பார்த்த கண் நம்மிடமும் உண்டு. புறநானூற்றின் 173ஆம் பாட்டு, சிறுகுடி கிழான் பண்ணனைப் பற்றிச் சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் பாடியது. மன்னன் ஒருவன் தன்னை ஒரு பாணனாக வைத்துக்கொண்டு, பசிக்கு மருத்துவனான பண்ணனின் வீடு எங்கே என்று கேட்கிறான். மழை வருமுன் முட்டையைச் சுமந்துகொண்டு மேட்டுநிலம் நோக்கிச் செல்லும் எறும்பு வரிசைபோல, கையில் சோற்றோடு சிறுவர்கள் வரிசையாகச் செல்வதை அந்தப் பாட்டு காட்டுகிறது. எறும்பு எதைச் சுமக்கிறது? தன் குலத்தின் நாளையை. சிறுவன் எதைச் சுமக்கிறான்? அதையேதான். அந்த உவமைக்குப் பின்னால் பசி இருக்கிறது. பசியை அது மறைக்கவில்லை.

உவமை பசியை மறைக்குமா, காட்டுமா என்னும் வினாவைத்தான் நாம் எதிர்கொள்ள வேண்டும். இந்த அரங்கிலேயே சில ஆண்டுகளுக்கு முன் அந்த வாதம் நடந்தது. வறுமையை அழகாகச் சொல்வது வறுமைக்குச் செய்யும் துரோகம் என்று ஒரு தோழர் சொன்னார். அழகில்லாமல் சொன்னால் அது கவிதைக்குச் செய்யும் துரோகம் என்று இன்னொருவர் சொன்னார். சிறுபாணாற்றுப்படையை நினைத்துப் பாருங்கள். உப்புக்கும் வழியின்றிக் கீரையை வேகவைத்த ஒரு பெண், பிறர் காண நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். அங்கே உவமை இல்லை. அடைத்த கதவு போதும். சீனக் கதையில் கதவு திறந்திருக்கிறது. கிழவி பெயர் வைத்து மகிழ்கிறாள். இவ்விரண்டில் எது உண்மை? இரண்டும் உண்மை. வேறுபாடு, பெயரை வைத்தது யார் என்பதில் இருக்கிறது. அந்த உணவைப் பார்த்து ஊர்ப் பெருந்தனக்காரர் ஒருவர் ‘எறும்பு’ என்று சொல்லியிருந்தால் அது ஏளனம். உண்டவள் சொன்னதால் அது அன்பு. தன் பசிக்குத் தானே உவமை சொல்லும் உரிமை பசித்தவருக்கு உண்டு. உவமை சொல்லாமல் இருக்கும் உரிமையும் அவருக்கு உண்டு.

இன்னும் ஒரு செய்தி. நம் மொழியில் இறைச்சி என்னும் சொல்லுக்கு ஊன் என்பது ஒரு பொருள். அகப்பாட்டில் கருப்பொருளின் வழியே, சொல்லப்பட்டதற்குப் புறத்தே தோன்றும் குறிப்புப் பொருளும் இறைச்சிதான். பாட்டுக்குள் அது எவ்வளவு இருக்கவேண்டும் என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. நான் உரையாசிரியர்களைச் சொல்லி விளக்குவேன். இன்று கேட்டால் அந்தச் சட்டியைக் காட்டுவேன். சிறிதளவே இருக்கவேண்டும். கட்டியாக ஓரிடத்தில் கிடக்காமல் எல்லா அடிகளிலும் பற்றியிருக்கவேண்டும். தூக்கிப் பார்க்கும்போதுதான் தெரியவேண்டும்.

இவ்வளவும் சொன்னபின், தொடக்கத்தில் நான் குறிப்பிட்ட காரணத்துக்கு வருகிறேன்.

நம் வட்டம் தொடங்கிய இரண்டாம் ஆண்டில், கல்வராயன் மலையிலிருந்து ஓர் இளைஞர் நம் கூட்டங்களுக்கு வரத் தொடங்கினார். அவர் பெயரைச் சொல்ல அவர் அனுமதி தரவில்லை. அதனால் சொல்லவில்லை. வெள்ளிமலைக்கு அப்பால் உள்ள சிற்றூர். காலையில் மலையிறங்கிக் கச்சிராயபாளையம் வழியாக வந்து, மாலையில் கடைசிப் பேருந்தைப் பிடிக்கக் கூட்டம் முடியுமுன் எழுந்து செல்வார். மூன்று கூட்டங்கள் பேசாமல் இருந்தார். நான்காம் கூட்டத்தில் ஒரு கவிதை படித்தார். ஒரு கைப்பிடி கறியை அவருடைய தாய் எப்படி நறுக்கினார், சாமைச் சோற்றுப் பானையில் எப்படிக் கலந்தார், உண்ட ஒன்பது பேரில் தனக்குக் கிடைக்கவில்லை என்று சொல்ல யாராலும் எப்படி முடியாமல் போயிற்று என்பதுதான் அந்தக் கவிதை. அதில் உவமை ஒன்றுகூட இல்லை. நறுக்கினாள், கிளறினாள், பங்கிட்டாள் என்று வினைச்சொற்களாகவே போயிற்று.

அன்று கருத்துரை கூறும் பொறுப்பு என்னிடம் இருந்தது. நான் சொன்னேன்: “தம்பி, இது சமையற் குறிப்பு. இதைக் கவிதையாக்க இன்னும் என்ன வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.” சிலர் சிரித்தார்கள். அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று கூட்டம் முடியும்வரை இருந்தார். அதன்பின் வரவில்லை. ஓரிரு மாதம் விசாரித்தோம். பிறகு மறந்துவிட்டோம்.

நான் சொன்னது எவ்வளவு பெரிய பிழை என்பதற்குச் சான்று தேடிச் சீனாவுக்குப் போயிருக்க வேண்டியதில்லை. 2019இல் தனி மாவட்டமான நம் கள்ளக்குறிச்சியில் திருக்கோவலூரும் அடங்கும். பெண்ணையாற்றங்கரையில் கபிலர் குன்று இருக்கிறது. கபிலரின் இறுதி நாளோடு மரபு இணைத்துப் பேசும் இடம். அந்தக் கபிலர், மூவேந்தரும் பறம்பை முற்றியிருந்தபோது என்ன பாடினார்? உழவர் உழாமலே அந்த மலை தரும் விளைவு நான்கு என்று எண்ணிச் சொன்னார். மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். வேந்தர்களுக்கு முன்னால் நின்று ஒரு புலவர் மலையின் உணவுப் பட்டியலைச் சொல்கிறார். அந்தப் பட்டியல்தான் அங்கே வீரம். அந்தப் பாட்டை நான் எத்தனையோ ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். ஆனால் ஒரு மலையிலிருந்து ஓர் இளைஞர் வந்து தன் வீட்டுப் பானையைப் பாடியபோது, அதைச் சமையற் குறிப்பு என்றேன். புறநானூற்றில் இருந்தால் பாட்டு, பக்கத்து மலையிலிருந்து வந்தால் குறிப்பு என்று எண்ணியிருக்கிறேன்.

கல்வராயன் மலையை நாம் அறிந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறோம். கோமுகியும் மணிமுத்தாறும் அங்கே பிறந்து நம் வயல்களுக்கு வருகின்றன. கடுக்காயும் தேனும் சாமையும் அங்கிருந்து இறங்கி வருகின்றன. 1976 வரை அம்மலை ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்தது என்பதை வரலாறாகப் படித்திருக்கிறோம். ஆனால் அங்கிருந்து ஒரு கவிதை இறங்கி வந்தபோது அதை வாங்கி வைக்க நம்மிடம் ஏனம் இல்லை.

சென்ற மாதம் நான் மலையேறினேன். விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். அவருடைய தாயார் இருந்தார். “வாத்தியாரா, வாங்க” என்று திண்ணையில் உட்காரவைத்து, கேழ்வரகுக் கூழ் கொடுத்தார். மகன் திருப்பூரில் பனியன் ஆலையில் வேலை செய்வதாகச் சொல்லித் தொலைபேசி எண் தந்தார். அன்றிரவே பேசினேன். என்னை நினைவிருக்கிறதா என்று கேட்டேன். “இருக்குதுங்க ஐயா” என்றார். நான் சொன்னது தவறு என்றும், மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னேன். சிறிது நேரம் அவர் பேசவில்லை. “அதெல்லாம் எப்பவோ போயிடுச்சுங்க ஐயா. இப்ப எழுதறதில்லை” என்றார். அந்தக் கவிதை இருக்கிறதா என்று கேட்டேன். தாள் இல்லை என்றார். முதல் இரண்டு வரி மட்டும் நினைவிருப்பதாகச் சொன்னார். அவற்றைச் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

மலரில் நம் வட்டத்தின் பத்தாண்டுக் கவிதைகள் தொகுக்கப்பட்டுள்ளன. நல்ல தொகுப்பு. பதிப்பாசிரியர் குழுவின் உழைப்பை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அதில் அந்தக் கவிதை இல்லை. அது இல்லாததற்கு நான் காரணம். கூட்டத்தில் படிக்கப்படும் கவிதைகளை நாம் எழுதி வைப்பதில்லை என்பதும் காரணம். யார் எழுதி வைத்து அச்சுக்குக் கொடுக்க வசதியுள்ளவரோ அவருடைய கவிதை நின்றது. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனவருடையது போயிற்று.

ஆகவே இரண்டு வேண்டுகோள்களை இந்த அவையின் முன் வைக்கிறேன். ஒன்று, இனி ஒவ்வொரு கூட்டத்திலும் படிக்கப்படும் கவிதை அனைத்தையும், நன்று தீது என்று பார்க்காமல், அன்றே ஒரு பதிவேட்டில் படியெடுத்து வைக்க வேண்டும். அந்தப் பணியை நான் ஏற்கிறேன். இரண்டு, ஆண்டுக்கு இரண்டு கூட்டங்களாவது வெள்ளிமலையில் நடத்த வேண்டும். கடைசிப் பேருந்துக்காக யாரும் பாதியில் எழுந்து போகாத கூட்டங்களாக அவை இருக்கவேண்டும். அன்று பேருந்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவர்கள் நாமாக இருப்போம்.

அந்த இளைஞரை முதற்கூட்டத்துக்கு அழைத்திருக்கிறேன். வருவதாக அவர் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பொங்கலுக்கு ஊருக்கு வருவேன், பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். அவர் வந்தால், அந்தச் சீன உணவை அவருக்குச் சமைத்துக் கொடுக்க எண்ணியிருக்கிறேன். அதன் பெயரை நான் முதலில் சொல்லப்போவதில்லை. உண்டபின் அவரே ஒரு பெயர் வைக்கட்டும், அல்லது வைக்காமலே இருக்கட்டும்.